புதிய தட்டும் பழைய நழுவலும்

முன்னுரை

பழுதுபட்ட ஒரு பொருளை நீக்கிவிட்டுப் புதியதொன்றைப் பொருத்திய பின்னரும் பழுது நீங்கவில்லையெனில், நம் மனம் முதலில் நாடுவது ஆராய்ச்சியை அன்று, ஐயத்தையே நாடுகிறது. பொருள் போலியோ, வேலை செய்தவர் ஏமாற்றிவிட்டாரோ என்னும் எண்ணமே முந்திக்கொள்கிறது. அத்தகைய ஐயம் ஒன்று ஏற்காட்டு மலைப்பாதையில் என்னைப் பற்றிக்கொண்டது. அது தீர்ந்த விதம் எனக்குக் கற்பித்த பாடம் வண்டி வைத்திருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்பதால், அதனை ஈண்டு விரித்துரைக்க விழைகின்றேன்.

எங்கள் இல்லத்தில் இருப்பது ஒரு பழைய மாருதி 800. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவரத் தொடங்கி, 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட சிறு கார் அது. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் கார் அதுவாகவே இருந்தது. எங்கள் வண்டியின் கிளட்ச் தேய்ந்துபோகவே, பட்டறையில் விட்டுப் புதியது பொருத்தினோம். மூன்று வாரங்கள் வண்டி செம்மையாக ஓடிற்று. பின்னர் ஒரு நாள், சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுள் நான்காவதைக் கடக்கும் வேளையில் எஞ்சின் ஓலமிட்டது; வண்டியோ தவழ்ந்தது. பின்னிருக்கையில் முதுமையெய்திய என் தாயார். அவர்க்குப் பின்னால் இடைவிடாது ஒலியெழுப்பும் பேருந்து. ஒருவாறு வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். ‘போலித் தட்டைப் பொருத்தி நம்மை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று அக்கணமே தீர்ப்பும் எழுதிவிட்டேன். அத்தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பதை இறுதியிற் காண்போம். அதற்கு முன் கிளட்ச் என்பது யாது, புதிதாகப் பொருத்தியதும் அது ஏன் நழுவுகிறது, அதன் காரணத்தை எவ்வாறு அறிவது என்பனவற்றை முறையே ஆராய்வோம்.

கிளட்ச் என்பது யாது?

எஞ்சின் ஓயாது சுழல்வது. சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இவ்விரண்டையும் வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரித்து வைக்கும் உறுப்பே கிளட்ச். உரசலால் இணைப்பது என்னும் பொருள்பட இதனை உரசிணைப்பி என வழங்கலாம். ஆயினும் பட்டறைத் தொழிலாளர் நாவிலும் ஓட்டுநர் நாவிலும் கிளட்ச் என்னும் சொல்லே நிலைபெற்றுவிட்டமையால், இக்கட்டுரையிலும் அச்சொல்லையே கையாள்கிறோம்.

இதன் அமைப்பு எளியது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரம் பிளைவீல். அதன் முகத்தின்மேல் சாய்ந்து நிற்பது, இருபுறமும் உரசுபொருள் ஒட்டப்பெற்ற கிளட்ச் தட்டு. இவ்வுரசுபொருளை லைனிங் என்பர். தட்டின் நடுவிலுள்ள பல்வரிசை கியர் பாக்ஸின் தண்டோடு பொருந்தியிருக்கும். தட்டின் மறுபுறத்தில் இருப்பது பிரஷர் பிளேட் எனப்படும் அழுத்தத் தட்டு. அதனுள் அமைந்த டயாபிரம் ஸ்பிரிங் என்னும் எஃகு வில், கிளட்ச் தட்டைப் பிளைவீலோடு சேர்த்து இறுக அழுத்திப் பிடிக்கிறது. இரு கைகளுக்கு இடையே ஓர் அட்டையை வைத்து அழுத்திச் சுழற்றினால் அட்டையும் சுழல்வது போல, எஞ்சின் சுழலும்போது தட்டும் அதனோடு சுழல்கிறது.

நாம் கிளட்ச் மிதியைக் காலால் அழுத்தும்போது, ரிலீஸ் பேரிங் என்னும் உருளைத் தாங்கி முன்னே நகர்ந்து அவ்வில்லின் விரல் போன்ற முனைகளை உள்நோக்கித் தள்ளுகிறது. உடனே பிடி தளர்கிறது, தட்டு விடுபடுகிறது. காலை எடுத்ததும் வில் மீண்டும் இறுகுகிறது. ஆகவே ஒரு நுட்பத்தை நாம் மனங்கொள்ள வேண்டும். கிளட்சைப் பிடிக்கச் செய்வது நமது கால் அன்று, வில்லே. நமது கால் செய்வதெல்லாம் அப்பிடியை விடுவிப்பது ஒன்றுதான். இந்நுட்பத்தை அறிந்தவர்க்கு நழுவலின் பாதிக் காரணங்கள் தாமே விளங்கிவிடும்.

பழங்காலக் கார்கள் பலவற்றில் தோல் போர்த்திய கூம்பு வடிவக் கிளட்சுகளே இருந்தன. 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் உரசுபொருள் தயாரிப்பைத் தொடங்கினார்; அவரது முயற்சியே பின்னர் ஃபெரோடோ என்னும் பெயரால் புகழ்பெற்றது. தோல் மறைந்து, வெப்பம் தாங்கும் உரசுபொருள் வந்தது. கூம்பு மறைந்து, உலர்ந்த ஒற்றைத் தட்டு வந்தது. வடிவம் மாறினும் அடிப்படை மாறவில்லை: அழுத்தமும் உரசலும் சேர்ந்ததே பிடிப்பு.

பிடிப்பின் கணக்கு

ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பதை நான்கு எண்களின் பெருக்கலால் அறியலாம். உரசும் முகங்களின் எண்ணிக்கை, உரசலின் அளவு, வில்லின் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம் ஆகியனவே அவை.

கணக்கிற்காக ஒரு சிறு காரின் கிளட்சை எடுத்துக்கொள்வோம். உரசும் முகங்கள் 2. உலர்ந்த லைனிங்கின் உரசல் எண் 0.3, வில்லின் அழுத்தம் 3000 நியூட்டன், சராசரி ஆரம் 65 மில்லிமீட்டர், அதாவது 0.065 மீட்டர் எனக் கொள்வோம். இவற்றைப் பெருக்கினால் கிடைப்பது 117 நியூட்டன்-மீட்டர். கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் தரும் உச்ச முறுக்கு விசையோ சுமார் 59 நியூட்டன்-மீட்டர்தான். எனவே கிளட்சின் வலிமை தேவையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நழுவலுக்கு இடமே இல்லை.

இப்பொழுது இரண்டு சூழல்களை எண்ணிப் பார்ப்போம். லைனிங்கின்மேல் எண்ணெய் படிந்து, உரசல் எண் 0.3இலிருந்து 0.1ஆகக் குறைந்துவிட்டது எனக் கொண்டால், பிடிப்பு 39 நியூட்டன்-மீட்டராகச் சரிந்துவிடும். எஞ்சின் தரும் விசையை அது தாங்காது. அடுத்து, லைனிங் உலர்ந்தே இருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்று வில்லின் விரல்களை இடைவிடாது தள்ளிக்கொண்டிருப்பதால் அழுத்தம் பாதியாகிவிட்டது எனக் கொள்வோம். பிடிப்பு 58.5. தேவைக்கு மயிரிழையளவு குறைவு! இத்தகைய வண்டி நகரத் தெருக்களில் ஒரு குறையும் காட்டாது. மேட்டில் ஏறும்போது, எஞ்சின் தன் முழு வலிமையையும் செலுத்தும்போது மட்டுமே நழுவும். ‘நேற்றுவரை நன்றாகத்தானே ஓடிற்று’ என்று நாம் வியப்பதன் காரணம் இதுவே. குறை நேற்றே இருந்தது. அதை வெளிப்படுத்தும் மேடுதான் இன்று வந்தது.

நழுவுதல் சிறு குற்றமன்று. 50 நியூட்டன்-மீட்டர் விசையோடு, நிமிடத்திற்கு 1000 சுற்று வேறுபாட்டில் ஒரு தட்டு நழுவினால், அங்கே வெப்பமாக மாறும் ஆற்றல் 5 கிலோவாட்டிற்கும் மேற்பட்டது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஐந்தினை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவேயுள்ள இடத்தில் ஒருசேரச் சூடேற்றுவதற்கு இது ஒப்பாகும். லைனிங் கருகுவதற்கும், பிளைவீலின் முகம் நீலம் பாரிப்பதற்கும், வில் தன் முறுக்கை இழப்பதற்கும் நெடுநேரம் தேவைப்படாது. எனவே நழுவும் வண்டியை ‘ஊர் போய்ச் சேரட்டும்’ என்று ஓட்டுவது, சிறு செலவைப் பெருஞ்செலவாக்கும் செயலாகும்.

நழுவலை அறியும் வழிகள்

வண்டி இழுக்கவில்லை என்றவுடன் கிளட்ச் நழுவுகிறது என்று முடிவு கட்டுதல் கூடாது. எஞ்சின் வலிமை குன்றினாலும் வண்டி இழுக்காது; பிரேக் விடாது பற்றிக்கொண்டிருந்தாலும் இழுக்காது. இவற்றை வேறுபடுத்தக் காதே போதுமான கருவி. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சினின் ஓசையும் உயராமல், வேகமும் உயராமல் இருந்தால் குறை எஞ்சினிலோ பிரேக்கிலோ இருக்கலாம். ஓசை மட்டும் எகிறி, வேகம் பின்தங்கினால் அது நழுவல். கருகிய நாற்றம் சேர்ந்து வருமாயின் ஐயமே இல்லை.

இதனை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. ஆள் நடமாட்டமற்ற சமதளச் சாலையில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் உயர்ந்த கியரில் செல்லும்போது ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்த வேண்டும். ஓசையும் வேகமும் ஒன்றாகவே மெல்ல உயர்ந்தால் கிளட்ச் நலமாக உள்ளது. ஓசை முந்திப் பாய்ந்தால் நழுவுகிறது. முதல் கியரில் இச்சோதனை பயன்படாது. அந்தக் கியரில் வண்டி எளிதில் முன்னே பாய்ந்துவிடுமாதலால் குறை மறைந்துகொள்ளும்.

நின்ற நிலையில் செய்யும் சோதனை ஒன்றும் வழக்கில் உள்ளது. கைப்பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி, உயர்ந்த கியரைப் போட்டுக் கிளட்ச் மிதியை மெல்ல விடுவர். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காது ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் பெரிதும் நழுவுகிறது என்று பொருள். ஆனால் எஞ்சின் நின்றுவிட்டதாலேயே கிளட்ச் முற்றும் நலமெனக் கொள்ளலாகாது. குறைந்த வேகத்தில் எஞ்சின் தரும் விசை சிறிதாதலால், அரைகுறைப் பிடிப்பும் இச்சோதனையில் தேறிவிடும். மேலும் இதனைத் திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே தட்டைக் கருக்கிவிடும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் எவரும் நில்லாதிருத்தல் இன்றியமையாதது.

முதற்காரணம்: வெற்றசைவு இன்மை

மிதியை விரலால் மெல்ல அழுத்தினால், தொடக்கத்தில் சிறிது தொலைவு எதிர்ப்பின்றி இறங்கும், அதன்பின் கனக்கும். எதிர்ப்பற்ற இந்தத் தொடக்க அசைவைப் பட்டறையில் ‘பிளே’ என்பர். நாம் வெற்றசைவு என்போம். மிதியில் காணும் இவ்வெற்றசைவு, உள்ளே ரிலீஸ் பேரிங்கிற்கும் வில்லின் விரல்களுக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு என்பதன் சான்று. கம்பிவடத்தால், அதாவது கேபிளால் இயங்கும் சிறு கார்கள் பலவற்றில் இது ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். அந்தந்த வண்டியின் கையேடு கூறும் அளவே இறுதியானது.

இவ்விடைவெளி தட்டின் தேய்மானத்தோடு தொடர்புடையது. லைனிங் தேயத் தேய அழுத்தத் தட்டு பிளைவீலை நோக்கி நெருங்கும். அப்போது வில்லின் விரல்கள் எதிர்ப்புறமாக, பேரிங்கை நோக்கி வெளியே வரும். இடைவெளி குறையும். மாறாகப் புதிய, தடித்த தட்டைப் பொருத்தியவுடன் விரல்கள் உள்வாங்கும், இடைவெளி மிகும், மிதி ‘தொளதொள’வென்று தோன்றும். தேய்ந்த தட்டிற்குப் பழகிய ஓட்டுநர்க்கு இது குறையாகவே தெரியும். உடனே கேபிளின் முனையிலுள்ள நட்டை முடுக்கச் சொல்வார். மிதி முன்போல் ‘விறைப்பாக’ ஆகும், அவரும் மகிழ்வார்.

இடர் அங்கேதான் தொடங்குகிறது. புதிய லைனிங் பிளைவீலோடு முழுதும் படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவை. அப்படியும் காலத்தில் அதன் மேற்பரப்பு சிறிது தேய்கிறது. விரல்கள் சற்றே வெளியே வருகின்றன. அளவுக்கு மீறி முடுக்கப்பட்ட வண்டியில் எஞ்சியிருந்த சிறு இடைவெளியும் இதனால் மறைகிறது. பேரிங் விரல்களை இடையறாது தள்ளத் தொடங்குகிறது. ஓட்டுநர் காலை எடுத்துவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத கால் ஒன்று மிதியின்மேல் அமர்ந்திருப்பது போன்ற நிலை அது. அழுத்தம் குறைகிறது, தட்டு நழுவுகிறது, நழுவலால் தேய்கிறது, தேய்ந்ததால் விரல்கள் மேலும் வெளிவருகின்றன, நழுவல் மேலும் மிகுகிறது. இரண்டு மூன்று வாரம் நன்றாக ஓடிய புதிய கிளட்ச் திடீரென நழுவுவதன் பின்னணியில் பெரும்பாலும் இந்தச் சுழலே இருக்கும்.

இதற்கு வேண்டும் கருவி பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் ஒன்றுதான். மிதியின் ஓரத்தில் அதனை நிறுத்தி வெற்றசைவை அளக்க வேண்டும். இல்லையெனில் நட்டைத் தளர்த்தி உரிய அளவிற்குக் கொண்டுவர வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை அளத்தல் வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் அமைப்புள்ள வண்டிகளிலும், பேரிங் எப்போதும் விரல்களைத் தொட்டுக்கொண்டேயிருக்கும்படி வடிவமைத்த வண்டிகளிலும் இந்த அளவு பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

மாற்றாமல் விட்ட கேபிள்

புதிய கிளட்ச் பொருத்துவோர் பலர் பழைய கேபிளை அப்படியே விட்டுவிடுகின்றனர். ஆண்டுக்கணக்கில் உழைத்த கேபிளின் உட்கம்பியில் இழைகள் அறுந்தோ, துருவேறியோ இருக்கலாம். மிதியை அழுத்தும்போது காலின் வலிமையால் அது நகர்ந்துவிடும். மிதியை விட்டபின் முழுதும் திரும்பாமல் இடையில் சிக்கி நிற்கும். விளைவு, மேலே கூறிய அதே கண்ணுக்குத் தெரியாத கால். மிதி மெதுவாகத் தயங்கித் தயங்கி மேலே வருமாயின் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் விலை கிளட்சின் விலையில் சிறு பங்கே. கிளட்சோடு சேர்த்து அதனையும் மாற்றிவிடுதல் அறிவுடைமை.

திரவ அழுத்தத்தால் இயங்கும் கிளட்சுகளில் கேபிள் இல்லை. அதற்குப் பதிலாக மிதியின் அருகே ஓர் உருளையும், கியர் பாக்ஸின் அருகே ஓர் உருளையும், இரண்டையும் இணைக்கும் குழாயும் உண்டு. மேல் உருளையிலுள்ள சிறு துளை அடைபட்டாலோ, அதன் தள்ளுகோல் அளவுக்கு மீறி நீட்டப்பட்டிருந்தாலோ, ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கி வழியடைத்தாலோ, அழுத்தப்பட்ட திரவம் திரும்பிச் செல்லாது. வண்டி நழுவும் நிலையில், கீழ் உருளையின் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்திப் பார்த்தால் உண்மை புலப்படும். திரவம் பீறிட்டு, அதன்பின் பிடிப்பு மீளுமாயின், குறை தட்டில் இல்லை. திரவப் பாதையிலேயே உள்ளது.

எண்ணெய் என்னும் மறைபகை

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் நழுவல் தொடர்ந்தால், அடுத்து ஐயுற வேண்டியது எண்ணெய். எஞ்சினின் பின்முனையில் ஓர் ஆயில் சீலும், கியர் பாக்ஸ் தண்டு வெளிவரும் இடத்தில் மற்றோர் ஆயில் சீலும் உள்ளன. பழைய வண்டிகளில் இவற்றின் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். கியர் பாக்ஸை இறக்கியபோதே இவற்றை மாற்றாமல் விட்டால், கசியும் எண்ணெய் புதிய லைனிங்கின்மேல் படியும். கிளட்ச் கூட்டின் அடிப்புறத்திலுள்ள சிறு துளையில் எண்ணெய்த் துளி தொங்குவது இதற்கு அறிகுறி. எவ்வெண்ணெய் என்பதை நிறமும் மணமும் காட்டிவிடும். எஞ்சின் எண்ணெய் பெரும்பாலும் கருத்திருக்கும். கியர் எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் உண்மையால் மூக்கைத் துளைக்கும் நெடி இருக்கும். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலால் கழுவி மீண்டும் பொருத்துவது வீண். கசிவை அடைத்துவிட்டுப் புதிய தட்டைப் பொருத்துவதே வழி.

எண்ணெய் கசிவால் மட்டும் வருவதன்று. புதிய பிரஷர் பிளேட் துருப்பிடியாமலிருக்கத் தயாரிப்பாளர் பூசியனுப்பும் எண்ணெயைத் துடைக்க மறந்திருக்கலாம். பல்வரிசையில் மிகுதியாகத் தடவிய கிரீஸ் சுழற்சியின் வேகத்தால் தெறித்திருக்கலாம். கிரீஸ் படிந்த கையாலேயே லைனிங்கைத் தொட்டிருக்கலாம். சிறு கவனக்குறைவுகள்தாம், ஆயினும் முன்னர்க் கண்ட கணக்கில் 117ஐ 39 ஆக்கியது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிளைவீலும் பொருத்தும் முறையும்

பழைய தட்டு நழுவி நழுவித் தேய்ந்ததெனில், அது பிளைவீலின் முகத்தையும் பாழாக்கியிருக்கும். கண்ணாடிபோல் மெருகேறிய பரப்பு, நீலத் திட்டுகள், மயிரிழை வெடிப்புகள், வட்டமான பள்ளங்கள் ஆகியன அதன் அடையாளங்கள். அத்தகைய முகத்தின்மேல் புதிய தட்டைப் பொருத்தினால் முழுப்பரப்பும் படியாது. படியும் சிறு பகுதி மட்டும் சுமையைத் தாங்கிக் கருகும். இலேசான மெருகை உப்புத்தாளால் போக்கலாம். பள்ளம் இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்ய வேண்டும். வெடிப்பிருந்தால் மாற்றியே ஆகவேண்டும். தட்டு படியும் தளமும், பிரஷர் பிளேட் முடுக்கப்படும் தளமும் படிபோல உயரம் வேறுபட்டிருக்கும் பிளைவீலில், ஒன்றை மட்டும் கடைந்துவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால் வில்லின் அழுத்தமே குறைந்துபோகும். இரண்டையும் ஒரே அளவு கடைதல் வேண்டும்.

செலவைச் சுருக்கத் தட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பிரஷர் பிளேட்டையே பொருத்தும் வழக்கமும் உண்டு. வெப்பத்தால் தளர்ந்த வில் புதிய தட்டையும் தளர்வாகவே பிடிக்கும். தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றுவதே ஈற்றில் சிக்கனம். அவை அந்த வண்டிக்கே உரியனவா என்பதையும், பழையதன் அருகே வைத்து விட்டமும் பல்வரிசையும் ஒத்துள்ளனவா என்பதையும் பொருத்துமுன் பார்த்தல் வேண்டும். தட்டைப் புறம் மாற்றிப் பொருத்துதல், பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒருபுறமாகவே முடுக்கி அதன் வடிவத்தைக் கோணச் செய்தல் ஆகியனவும் நழுவலுக்கு இடந்தரும். எதிரெதிர் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, மாறி மாறி முடுக்குவதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். கிளட்ச் கூட்டினுள் படிந்த தூசியைக் காற்றுக்குழாயால் ஊதுவது, நுரையீரலுக்குக் கேடு விளைக்கும் நார்களை மூச்சில் கலப்பதாகும். ஈரத்துணியால் துடைத்தலே தக்கது. வண்டியின் அடியில் வேலை செய்வோர், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைத்தலும் கட்டாயம்.

ஆராயும் ஒழுங்கு

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் உணர்த்தும் நெறி. அது மனிதர்க்குக் கூறியதாயினும் இயந்திரத்திற்கும் பொருந்தும். எனவே நழுவல் கண்டவிடத்துப் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் நன்று.

முதலாவது, நழுவல்தானா என்பதைச் சாலைச் சோதனையால் உறுதிசெய்தல். இரண்டாவது, மிதியின் வெற்றசைவை அளத்தல். மூன்றாவது, கேபிளோ திரவப் பாதையோ தடையின்றி இயங்குகிறதா எனப் பார்த்தல். நான்காவது, கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா எனக் காணுதல். இந்நான்கையும் கியர் பாக்ஸில் கை வைக்காமலே, அரைமணி நேரத்தில், ஏறத்தாழச் செலவின்றிச் செய்துவிடலாம். இவற்றுள் எதிலும் விடை கிடைக்காதபோதே கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கிய பின்னர்த் தட்டு, வில், பிளைவீல், சீல்கள் அனைத்தையும் ஒருங்கே ஆராய வேண்டும். மாருதி 800 போன்று முன்சக்கரங்களை இயக்கும் வண்டிகளில் கியர் பாக்ஸை இறக்க, சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளையும் கழற்ற வேண்டியிருப்பதால், தேவையற்ற ஓர் இறக்கம் ஒரு நாள் உழைப்பை வீணாக்கும் என்பதை மறத்தலாகாது.

ஓட்டுநரின் காலும் இவ்வாராய்ச்சியில் அடங்கும். ஓடும்போது மிதியின்மேல் காலை வைத்திருத்தல், மேட்டில் நிற்கும்போது பிரேக்கிற்குப் பதிலாகக் கிளட்சையே அரைகுறையாகப் பிடித்து வண்டியை நிறுத்துதல், புதிய தட்டு படியுமுன் பெருஞ்சுமையோடு மலையேறுதல் ஆகிய பழக்கங்கள் எத்துணை நல்ல தட்டையும் விரைவில் அழித்துவிடும்.

முடிவுரை

ஏற்காட்டு வளைவில் நின்ற வண்டிக்கு மீண்டும் வருவோம். வெப்பம் தணிந்தபின் மெல்ல இறங்கி வந்து, மறுநாள் அதே பட்டறையில் கோபத்தோடு நின்றேன். ‘பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்னும் சொல் நாவின் நுனியில் நின்றது. பட்டறையின் முதியவர் என் சொற்களை இறுதிவரை கேட்டார். பின்னர், “கழற்றிப் பார்ப்பது பெரிய காரியமில்லை சார். அதற்கு முன்னால் ஒரு ஸ்கேல் மட்டும் வேண்டும்” என்றார். அடுத்திருந்த கடையிலிருந்து அடிக்கோல் வந்தது. மிதியின் அருகே நிறுத்தி என்னையே அழுத்தச் சொன்னார். வெற்றசைவு சிறிதும் இல்லை. “நான் விட்ட அளவு இதுவல்லவே, நட்டைத் தொட்டது யார்?” என்றார்.

நினைவு வந்தது. வண்டியை எடுத்துச் சென்ற நான்காம் நாள், மிதி தொளதொளவென்றிருக்கிறது என்று அப்பட்டறைக்கே வந்து, அவர் இல்லாத வேளையில், வேலை பழகும் சிறுவனிடம் ‘இன்னும் முடுக்கு’ என்று இருமுறை சொல்லி முடுக்கச் செய்தவன் நானே. அச்சிறுவன் தயங்கியதும், படித்தவர் சொல்கிறாரே என்று அடங்கியதும் என் கண்முன் வந்து நின்றன. முதியவர் நட்டைத் தளர்த்தினார். சிக்கித் திரும்பிய பழைய கேபிளையும் மாற்றினார். தட்டு கருகுமுன் கண்டுகொண்டமையால் அது தப்பியது. அதன்பின் அந்த 20 வளைவுகளையும் அவ்வண்டி ஏறிக் கடந்தது.

குறை கூறுவதற்கு முன் அளந்து பார்த்தல் வேண்டும் என்பதே அந்த அடிக்கோல் எனக்குக் கற்பித்தது. கைத்தொழிலாளரின் நேர்மையை ஐயுறுவது நமக்கு ஒரு நொடி வேலை. அவர்க்கோ அது ஆண்டுக்கணக்கில் தேடிய பெயர். நான் என் பிழையைச் சொல்லி, அம்முதியவரிடமும் அச்சிறுவனிடமும் வருத்தம் தெரிவித்தேன். “பிளே கொஞ்சம் இருந்தால்தான் சார் பிடிப்பு நிற்கும்” என்று சிரித்துக்கொண்டே அவர் அடுத்த வண்டியின் அடியில் நுழைந்துவிட்டார்.